உங்களுக்குத் தெரியுமா? இரும்பைத் தைத்தவர்கள்

இன்ஜின் புகை தள்ளினால் இன்றைக்கு சர்வீஸ் சென்டரில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "அசெம்பிளியையே மாத்திடலாம் சார்." பாகம் கிடைக்காத காலத்திலும் ஊரிலும் இருந்தவர்களுக்கு அப்படிச் சொல்ல வழியில்லை. தேய்ந்த இடத்தில் உலோகம் ஏற்றினார்கள், வளைந்ததை நிமிர்த்தினார்கள், விரிந்ததைத் தைத்தார்கள். ஆமாம், இரும்பைத்தான் தைத்தார்கள். இந்த இதழின் துணுக்குகள் முழுக்க அவர்கள் கைவேலை.

◆ எஃகுத் தண்டு சுழல்வதற்கு எஃகைவிட மிருதுவான மெத்தைதான் வேண்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஐசக் பாபிட் என்ற பொற்கொல்லர் 1839-இல் இதற்கு ஓர் உலோகக் கலவையைப் பயன்படுத்திக் காப்புரிமை வாங்கினார். வெள்ளீயம் பெரும்பங்கு, அதோடு கொஞ்சம் ஆன்டிமனி, கொஞ்சம் செம்பு. இன்று புழங்கும் வெள்ளீயக் கலவைகளில் ஏறத்தாழ 89 சதவீதம் வெள்ளீயம். நம் பட்டறைகளில் 'ஒயிட் மெட்டல்' என்பது இந்த வகையைத்தான். மிருதுவான வெள்ளீயத்துக்குள் கடினமான நுண்படிகங்கள் பொதிந்திருக்கும்; சுமையைப் படிகங்கள் தாங்கும். எண்ணெயில் மணல் துகள் கலந்து வந்தால் வெள்ளீயம் அதைத் தனக்குள் புதைத்துக்கொண்டு தண்டைக் காப்பாற்றிவிடும். பேரிங் சாகும், கிராங்க் பிழைக்கும். விலை குறைந்தது விலை கூடியதற்காகத் தேய்வதுதான் கணக்கு.

◆ தேய்ந்த ஒயிட் மெட்டல் பேரிங்கைத் தூக்கி எறிய மாட்டார்கள். பழையதை உருக்கி வழித்துவிட்டு, கூட்டின் உட்புறத்தைச் சுத்தமாகச் சுரண்டி, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் போலவே முதலில் ஒரு மெல்லிய ஈயப் பூச்சு கொடுப்பார்கள். அது இல்லாமல் ஊற்றினால் புது உலோகம் ஒட்டாது. தட்டினால் மணியோசை வராமல் 'பொத்' என்று கேட்கும். பிறகு நடுவில் தண்டளவுக்கு ஓர் உருளையை நிறுத்தி, அதன் மேல் புகைக்கரி பிடிக்கவைத்து (கரி பிடித்த இடத்தில் உலோகம் ஒட்டாது), ஓரங்களைக் களிமண்ணால் அடைத்து, ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். பாதியில் கை நின்றால் அங்கே ஒரு கோடு விழும். அந்தக் கோட்டில்தான் பின்னால் விரியும்.

சூடு சரியா என்று பார்க்க வெப்பமானி இல்லாத காலத்தில் பைன் மரக்குச்சி ஒன்றை உருகிய உலோகத்தில் முக்கி எடுத்தார்கள். குச்சி தீப்பிடிக்காமல் கருகினால் பதம். அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தால் போச்சு: நீராவி வெடித்து உலோகம் முகத்தில் தெறிக்கும். அதனால் அச்சையும் கரண்டியையும் முன்கூட்டியே சூடாக்கி வைப்பது இந்த வேலையில் முதல் பாடம்.

◆ ஊற்றியதோடு வேலை முடிவதில்லை. தண்டின் மேல் நீல மையைப் பூசி, பேரிங்கில் உட்கார வைத்து ஒரு சுற்றுச் சுற்றி எடுப்பார்கள். நீலம் ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் சுரண்டியால் மெல்ல வழிக்க வேண்டும். மறுபடி மை, மறுபடி சுரண்டல். பரப்பு முழுக்க நீலப் புள்ளிகள் சீராக விழும்வரை இது நடக்கும். சுரண்டித் தட்டையாக்கும் வித்தையை முறையாக எடுத்துச் சொன்னவர் ஜோசப் விட்வொர்த். 1840-இல் கிளாஸ்கோவில் ஒரு கட்டுரையாகவே வாசித்தார். இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று பொருத்தினால் ஒன்று குழியாகவும் மற்றது குமிழாகவும் இருந்தும் பொருந்திவிடக்கூடும். மூன்றை மாற்றி மாற்றிப் பொருத்தினால் அந்த ஏமாற்று நடக்காது. எந்த அளவுகோலும் இல்லாமல், மூன்று தகடுகளை வைத்தே உண்மையான சமதளத்தை உருவாக்கிவிடலாம். எனக்குத் தெரிந்து கைவினையின் மிக அழகான தருக்கம் இதுதான்.

◆ திருவொற்றியூரில் உருவான பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் மோட்டார் சைக்கிளிலும், கனெக்டிங் ராடின் அடிப்பகுதியில் குண்டு பேரிங் கிடையாது. ஒயிட் மெட்டல் பூசிய மிதக்கும் புஷ்தான் இருந்தது.

◆ ஃபோர்டு மாடல் டி காரில் ராட் பேரிங் தளர்ந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால், மூடிக்கு இடையில் இருக்கும் மெல்லிய தகடு ஒன்றை உருவிவிட்டு மறுபடி இறுக்குவார்கள். ஆள் அரவமில்லாத சாலையில் பேரிங்கே உருகிப்போனால்? இடுப்பு பெல்ட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி உள்ளே வைத்து மெதுவாக வீடு போய்ச் சேர்ந்த கதைகள் அமெரிக்க கிராமங்களில் ஏராளம். உப்பிட்ட பன்றித்தோலை வைத்ததாகவும் சொல்வார்கள். கொழுப்பு இருப்பதால் எண்ணெய் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளுமாம்!

◆ பேரிங் சூடாவதை மூக்கால் கண்டுபிடிக்கும் ஏற்பாடு ரயிலில் இருந்தது. இங்கிலாந்தின் 'மல்லார்ட்' நீராவி எஞ்சின் 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் வேகத்தைத் தொட்டது. நீராவி எஞ்சின்களில் அதுவே உலக சாதனை. அதன் நடு சிலிண்டரின் பெரிய பேரிங்கில் சோம்பு மணம் வீசும் சிறு குப்பி ஒன்றைப் பொதிந்து வைத்திருந்தார்கள். சூடு எல்லை மீறினால் குப்பி உடைந்து மணம் கிளம்பும். சாதனை ஓட்டத்தில் அந்த பேரிங் உருகியே விட்டது. மல்லார்ட் லண்டன்வரை போகவில்லை. வழியில் பீட்டர்பரோவில் நின்றுவிட்டது. சாதனையின் விலை ஒரு கைப்பிடி ஒயிட் மெட்டல். மறுபடி ஊற்றிக்கொண்டு அது வேலைக்குத் திரும்பியது.

◆ இன்ஜின் பிளாக்கில் விரிசல் விட்டால் வெல்டிங் வைத்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். வார்ப்பிரும்பு அதற்கு எளிதில் இடம் கொடுக்காது. அதில் ஏறத்தாழ 2.5 முதல் 4 சதவீதம்வரை கார்பன் இருக்கிறது. வெல்டிங் சூட்டில் உருகிய விளிம்பு சட்டென்று குளிரும்போது, கார்பன் இரும்போடு சேர்ந்து அரம்கூடப் பிடிக்காத வெள்ளை இரும்பாகிவிடும். கூடவே குளிரும் உலோகம் சுருங்கி இழுக்கும். வார்ப்பிரும்புக்கு இழுவையைத் தாங்கும் குணம் குறைவு. விளைவு, வெல்டிங் அழகாக இருக்கும்; அதன் ஓரத்தில் 'டிக்' என்ற சத்தத்தோடு புது விரிசல் ஓடும்.

அனுபவசாலிகள் மூன்று வழிகளில் இதைச் சமாளித்தார்கள். பாகம் முழுவதையும் கரியடுப்பில் செக்கச்செவேலென்று சூடேற்றி, வெல்டிங் முடிந்ததும் சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து ஓர் இரவு முழுக்க ஆறவிடுவது முதல் வழி. இரும்பை உருக்காமலேயே பித்தளைக் கம்பியால் பற்றவைப்பது இரண்டாவது. பித்தளை உருகும் சூட்டில் வார்ப்பிரும்பு உருகாது. நிக்கல் கம்பியால் ஓர் அங்குலம் மட்டும் வைத்து, உடனே சிறு சுத்தியலால் அந்தத் தடத்தைத் தட்டித் தட்டிப் பரத்திவிட்டு, கை பொறுக்கும் அளவுக்கு ஆறியபின் அடுத்த அங்குலம் வைப்பது மூன்றாவது. சுருங்க நினைக்கும் உலோகத்தைத் தட்டி நீட்டிவிடுவதால் இழுவை போய்விடும். அந்தத் தட்டலைத் தவிர்த்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறவர்கள் இன்றும் உண்டு. பிறகு கம்பியைக் குறை சொல்வார்கள்.

◆ வார்ப்பிரும்பை ஒட்ட முடியாது என்ற நம்பிக்கையை வைத்தே ஒரு நாசவேலை நடந்தது. முதல் உலகப் போர் தொடங்கியதும் ஜெர்மனியின் பயணிகள் கப்பல்கள் பல, நடுநிலை நாடாக இருந்த அமெரிக்காவின் துறைமுகங்களில் ஒதுங்கிக் கிடந்தன. 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது. கப்பல்கள் பறிபோகும் என்று தெரிந்துகொண்ட ஜெர்மானியப் பணியாளர்கள் முன்கூட்டியே எஞ்சின் அறைக்குள் புகுந்து, ஆள் உயரத்துக்கும் பெரிய நீராவி சிலிண்டர்களை உடைத்துப் போட்டார்கள். பக்கவாட்டில் பெரும் துண்டுகள் பெயர்ந்து ஓட்டையாகின. புது சிலிண்டர் வார்த்துப் பொருத்த ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பது அவர்கள் கணக்கு. அமெரிக்க நிபுணர்கள் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

நியூயார்க் கடற்படைத் தளத்தின் பொறியாளர்கள் வேறு முடிவெடுத்தார்கள். உடைந்த விளிம்பைச் செதுக்கிச் சரித்து, அதில் வரிசை வரிசையாக எஃகுத் திருகுகளைப் பதித்தார்கள். பெயர்ந்த துண்டையோ புதிதாகச் செய்த ஒட்டையோ அங்கே நிறுத்தி, திருகுகளின் மேல் மின்வில் வெல்டிங்கால் எஃகை ஏற்றினார்கள். பிடிமானம் வார்ப்பிரும்பில் பதிந்த திருகுகளில் இருந்தது. அதனால் விளிம்பு கடினமானாலும் ஒட்டு பெயரவில்லை. வேறு சில இடங்களில் வெல்டிங்கே இல்லாமல் போல்ட் போட்ட ஒட்டுகள். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்தக் கப்பல்களில் பல அமெரிக்கப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு பிரான்சுக்குப் போய்க்கொண்டிருந்தன. போர் முடிவதற்குள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் பறிமுதலான ஜெர்மன் கப்பல்களில் கடல் கடந்தார்கள். 1918 டிசம்பரில் அதிபர் உட்ரோ வில்சன் அமைதி மாநாட்டுக்குப் போனதும் அப்படிப் பறிமுதலான ஒன்றில்தான். 'ஜார்ஜ் வாஷிங்டன்' என்ற பெயரை அந்தக் கப்பலுக்கு ஜெர்மானியர்களே வைத்திருந்தார்கள் என்பது தனி வேடிக்கை.

◆ நெருப்பே இல்லாமல் விரிசலைத் தைப்பது இன்னொரு கலை. விரிசலுக்குக் குறுக்கே நெருக்கமாகத் துளைகள் போட்டு, அவற்றை உளியால் இணைத்துப் பள்ளமாக்கி, நிக்கல் கலந்த உலோகப் பூட்டுத் துண்டுகளை அந்தப் பள்ளத்துக்குள் அடித்து இறுக்குவார்கள். இதுதான் தையல். பிறகு விரிசலின் நீளத்துக்கும், ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி திருகுகளை முடுக்கிக்கொண்டே போய் மேலே சமமாகத் தேய்த்துவிடுவார்கள். தண்ணீரோ ஆவியோ கசியாது. 1930-களில் அமெரிக்காவின் டெக்சாஸ் எண்ணெய் வயல்களில் இந்த முறை வளர்ந்தது. காரணம் சொல்லாமலே விளங்கும்: எண்ணெய்க் கிணற்றின் பக்கத்தில் வெல்டிங் தீப்பொறி வேண்டாமே! இப்போதும் பெரிய கப்பல் எஞ்சின்களை, இருந்த இடத்தைவிட்டு அசைக்காமலே இப்படித் தைக்கிறார்கள்.

◆ விரிசலை நிறுத்த அதன் நுனியில் துளை போடுவார்கள். ஓட்டையை அடைக்க இன்னொரு ஓட்டையா என்று சிரிக்க வேண்டாம். கூரான நுனியில் அழுத்தம் பல மடங்கு குவிகிறது. வட்டத் துளையில் அது பரவிவிடுகிறது. சி. இ. இங்கிலிஸ் என்ற ஆங்கிலேயர் 1913-இல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். கொல்லர்கள் கணக்குக்குக் காத்திருக்கவில்லை.

◆ அந்த நுனி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாதே? மண்ணெண்ணெயும் சுண்ணக்கட்டியும் போதும். பாகத்தை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, மேலே சுண்ணக்கட்டிப் பொடியைப் பூசிக் காயவிட்டால், விரிசலுக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் மெல்ல வெளியே கசிந்து வெள்ளைப் பொடியில் கறுப்புக் கோடு போடும். ரயில் பணிமனைகளில் அச்சுகளையும் சக்கரங்களையும் இப்படித்தான் சோதித்தார்கள். இன்றைய சிவப்புச் சாயச் சோதனை இதன் பேரப்பிள்ளை.

◆ நவச்சாரம் ஈயம் பூச மட்டுமல்ல. இரும்புத் தூள், நவச்சாரம், கொஞ்சம் கந்தகம் மூன்றையும் ஈரமாகப் பிசைந்து வார்ப்பிரும்பு இணைப்புகளிலும் கசிவுகளிலும் அடைத்தால், தூள் துருப்பிடித்து ஊதி இறுகிவிடும். நீராவிக் காலத்தில் இதற்கு 'இரும்புச் சிமென்ட்' என்று பெயர். துருவைக் கூப்பிட்டு வேலை வாங்கிய தொழில்நுட்பம் இது.

◆ நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் இன்னொன்று படிகாரம். பித்தளைக்குள் எஃகுத் திருகு முறிந்து சிக்கிக்கொண்டால், கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் அதைத் துளைத்துக் கெடுக்க மாட்டார்கள். பாகத்தைப் படிகாரக் கரைசலில் போட்டுச் சூடாக வைத்திருந்தால் எஃகு மெல்லக் கரைந்துபோகும். பித்தளை அப்படியே இருக்கும். திருகும் எஃகு, பாகமும் எஃகு என்றால் இந்த வித்தை பலிக்காது என்பதை மறந்துவிடாதீர்கள். இரண்டும் கரையும்.

◆ இன்ஜின் சிலிண்டர் சீராகத் தேய்வதில்லை. மேல்முனையில்தான் அதிகம். பிஸ்டன் அங்கே ஒரு கணம் நின்று திரும்புகிறது. நிற்கும்போது எண்ணெய்ப் படலம் மெலிகிறது. வெடிப்பின் சூடும் அழுத்தமும் உச்சத்தில் இருப்பதும் அதே இடம். மேல் ரிங் எட்டாத விளிம்பு மட்டும் தேயாமல் ஒரு வரப்பாக நிற்கும். பழைய மெக்கானிக் ஹெட்டைக் கழற்றியதும் முதலில் விரல் நகத்தால் அந்த வரப்பைத்தான் தடவுவார். நகம் நன்றாகத் தட்டினால் ரீபோர். வட்டமும் முட்டை வடிவமாகியிருக்கும், ஏனென்றால் கனெக்டிங் ராட் சாய்ந்து தள்ளும்போது பிஸ்டன் இரண்டு பக்கங்களில்தான் அழுத்துகிறது.

ரீபோர், அதாவது சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைவது, உற்பத்தியாளரே ஏற்றுக்கொண்ட மருத்துவம். சிலிண்டர் சுவரில் அதற்கென்றே கனம் விட்டிருப்பார்கள். கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் கூடுதலான பிஸ்டன்களையும் அவர்களே விற்பார்கள். அந்தக் கனமும் தீர்ந்துபோனால் லைனர் போட்டு மறுபடி முதல் அளவுக்கே கொண்டுவந்துவிடலாம். சில புது இன்ஜின்களில் அலுமினியத்தின் மேல் மைக்ரான் கணக்கில் ஒரு பூச்சுதான். கடைவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. எடை குறைகிறது, எரிபொருள் மிச்சம் என்பதெல்லாம் சரிதான். ஆனால் இரண்டாவது பிறவியை வரைபடத்திலேயே வெட்டிவிட்டார்கள் என்பதை வாங்குபவரிடம் யாரும் சொல்வதில்லை.

◆ கடைந்த சிலிண்டரைக் கண்ணாடிபோல் மினுக்கினால் கெட்டது. குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் வேண்டும். அவைதான் எண்ணெயைப் பிடித்து வைக்கும், புது ரிங் படியவும் உதவும். ஹோனிங் கல்லைச் சுழற்றிக்கொண்டே மேலும் கீழும் இழுப்பது அந்த வலைக்கோடுகளுக்காகத்தான்.

◆ முதல் துல்லியமான சிலிண்டர், பீரங்கிக்காரரின் கொடை. ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சின் காகிதத்தில் நன்றாக இருந்தது. சிலிண்டர் கோணல் என்பதால் ஆவி கசிந்துகொண்டே இருந்தது. பீரங்கி கடைவதற்குப் புது முறை கண்ட ஜான் வில்கின்சன், 1775 வாக்கில் இரு முனைகளிலும் தாங்கிய தண்டில் வெட்டுளி பொருத்திச் சிலிண்டரைக் கடைந்து கொடுத்தார். பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிமனுக்கு மேல் பிழை இல்லை என்று வாட்டின் பங்குதாரர் போல்டன் பூரித்துப்போனார். இன்றைக்கு ஒரு லேத் பட்டறை அந்தப் பிழையோடு கடைந்து கொடுத்தால் எந்த வாடிக்கையாளரும் திருப்பி அனுப்பிவிடுவார்.

◆ பிஸ்டன் ரிங் தளர்ந்தால் உட்புறத்தைச் சுத்தியலால் தட்டுவார்கள். உள்பக்க உலோகம் பரவி நீளும், ரிங் விரிய முனையும், இழந்த விறைப்பு திரும்பும். இது குறுக்குவழி அல்ல. இப்படித் தட்டியே தயாரித்த ரிங்குகளைத் தொழிற்சாலைகளே விற்றிருக்கின்றன.

தேய்ந்த பிஸ்டனின் பாவாடைப் பகுதியில் பற்சக்கரத்தை உருட்டிச் சொரசொரப்பாக்கி, மேடுகள் எழும்பவைத்து விட்டத்தைக் கூட்டுவதும் ஒரு காலத்தில் சகஜம். வால்வு கைடுகளுக்கும் இதையே செய்தார்கள். என் கருத்தில் இரண்டாவது பரவாயில்லை, முதலாவது வண்டியை விற்கப் போகிறவரின் வைத்தியம். தொடும் பரப்பு குறைந்துவிட்டதால் மேடுகள் சீக்கிரம் தேயும். சத்தம் திரும்பும்போது சாவி வேறொருவர் கையில் இருக்கும்.

◆ வளைந்த தண்டை நிமிர்த்த எந்தப் பக்கம் சூடாக்க வேண்டும்? குழிந்த பக்கத்தை என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். சரியான விடை, புடைத்த பக்கம். புடைப்பின் உச்சியில் நாணய அளவு இடத்தைச் செஞ்சூடாக்கினால் முதலில் வளைவு இன்னும் கூடும், பார்க்கிறவர் பதறுவார். சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் விடாததால், சூடான புள்ளி விரிய முடியாமல் தனக்குள்ளேயே நசுங்குகிறது. ஆறும்போது நசுங்கிய அளவுக்குச் சுருங்கி, தண்டை நேராக இழுத்துவிடுகிறது.

கிராங்க் ஷாஃப்டை அப்படிச் சூடாக்கினால் அதன் பதம் கெட்டுவிடும். அங்கே வேறு வித்தை: வளைவின் உட்புறத்தில், பேரிங்கில் சுழலும் ஜர்னல் பகுதி சுவரோடு சேரும் மூலையில், மழுங்கிய உளியை வைத்துச் சுத்தியலால் சில அடிகள். மேற்பரப்பு உலோகம் பரவ, மூலை விரிந்து தண்டு நிமிரும். எத்தனை அடி, எவ்வளவு கனத்த அடி என்பதற்குப் புத்தகம் கிடையாது. டயல் கேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டே அடிப்பார்கள்.

◆ அந்த மூலையின் வளைவு முக்கியம். தேய்ந்த கிராங்கைக் கிரைண்டிங் செய்து சிறிய அளவு பேரிங் போடும்போது, மூலையைச் செங்கோணமாக வெட்டிவிட்டால் தண்டு அங்கேயே முறியும். அளவு பத்து மைக்ரானுக்குள் சரியாக இருந்தும் ஆறு மாதத்தில் உடைந்த கிராங்குகளின் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

◆ கடைவது உலோகத்தைக் குறைக்கிறது, கூட்டுவதற்கு? சுவிட்சர்லாந்தின் மாக்ஸ் உல்ரிக் ஷூப் உருகிய உலோகத்தைக் காற்றால் தெளிக்கும் முறையை 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கினார். குழந்தையின் விளையாட்டுத் துப்பாக்கியிலிருந்து போன ஈயக் குண்டு சுவரில் அப்பிக்கொண்டதைப் பார்த்து யோசனை வந்ததாகச் சொல்வார்கள். தேய்ந்த தண்டை லேத்தில் மாட்டிச் சுழலவிட்டு, மேலே எஃகுக் கம்பியை உருக்கித் தெளித்து, பிறகு அளவுக்குக் கடைவார்கள். தெளிப்பது பற்றிக்கொள்வதற்காக, முதலில் தண்டின் மேல் வேண்டுமென்றே கரடுமுரடாக மரை வெட்டுவது வழக்கம். வழவழப்பான தண்டில் தெளித்தால் பட்டையாக உரிந்து வரும்.

◆ மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பார்த்தவர்களுக்கு ரயில் எஞ்சின் சக்கரம் புதிதல்ல. நீராவி எஞ்சின் சக்கரத்தின் தேயும் பகுதி தனி எஃகு வளையம். சக்கரத்தைவிட மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் சிறிதாக அதைக் கடைந்து, நெருப்பு வளையத்தில் சூடேற்றி விரிந்ததும் மாட்டி ஆறவிடுவார்கள். தேய்ந்தால் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். நாகப்பட்டினத்திலிருந்து இடம் மாறி 1928-இல் திறந்த பொன்மலைப் பணிமனை, நீலகிரி மலை ரயிலின் எஞ்சின்களை இப்படிப் பராமரித்தது. பின்னர் அவற்றைப் போன்ற புது நீராவி எஞ்சின்களையே செய்தும் கொடுத்தது. சென்னை பெரம்பூர் லோகோ பணிமனையோ, 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த 'ஈ.ஐ.ஆர். 21' எஞ்சினை 2010-இல் மீண்டும் ஓட வைத்தது. நூறாண்டுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றிருந்த எஞ்சின் அது.

◆ எஃகைச் சூடாக்கித் தண்ணீரில் முக்கினால் விறைக்கும். செம்பைச் சூடாக்கி முக்கினால் மிருதுவாகும். நசுங்கி இறுகிப்போன செம்பு வாஷரை அடுப்பில் சிவக்கவைத்துத் தண்ணீரில் போட்டால் மறுபடி பயன்படுத்தலாம். பாத்திரம் தட்டுகிற கன்னார்களுக்கு இது தொழிலின் அரிச்சுவடி.

◆ இந்தியா முழுவதும் 2000 பிப்ரவரியில் காரீயம் கலந்த பெட்ரோல் நின்றது. உடல்நலத்துக்கு நல்லது, சந்தேகமே இல்லை. பழைய கார்களின் வார்ப்பிரும்பு வால்வு இருக்கைகளுக்கு மட்டும் ஒரு சிக்கல். எரிந்த காரீயம் ஒரு மெல்லிய படிவாக வால்வுக்கும் இருக்கைக்கும் இடையில் நின்று காத்துவந்தது. அது போனதும், செஞ்சூட்டில் வால்வு இருக்கையோடு நுண்ணளவில் ஒட்டி ஒட்டிப் பிய்ந்து, இருக்கை உள்வாங்கியது. மருந்து பழையதுதான்: இருக்கையைக் கடைந்து எடுத்துவிட்டு, கடினமான எஃகு வளையம் ஒன்றைக் குளிரவைத்துச் சுருக்கி, சூடாக்கிய ஹெட்டில் அடித்து இறக்குவது.

◆ யாழ்ப்பாணத்தில் இலங்கை உள்நாட்டுப் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பெட்ரோல் கிடைக்காமல் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சொட்டுப் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்வது, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அந்தக் கார்களின் அமுக்க விகிதம் குறைவாக இருந்ததால்தான் இது நடந்தது. இன்றைய இன்ஜின் இரண்டு தெருகூடத் தாங்காது. ஆனால் முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும், அடியில் இருக்கும் எண்ணெயையும் நீர்க்கவைக்கும். ரிங்கும் பேரிங்கும் தேயும். உதிரிப் பாகமும் வர வழியில்லாத ஊரில் அந்தக் கார்கள் உயிரோடு இருந்ததற்கு கராஜ்காரர்களின் கைதான் காரணம்.

◆ ரைட் சகோதரர்களின் விமானம் 1903 நவம்பரில் பறக்க மறுத்ததற்கு ஒரு காரணம், விசிறித் தண்டுகளில் சங்கிலிப் பற்சக்கரங்கள் கழன்று கழன்று வந்ததுதான். எவ்வளவு இறுக்கியும் நிற்கவில்லை. கடைசியில் சைக்கிள் கடைக்காரர்கள் என்ற முறையில், டயர் ஒட்டுகிற பசையை உருக்கி மரைக்குள் ஊற்றினார்கள். பற்சக்கரம் நின்றது. அடுத்து தண்டு விரிந்தது. ஆர்வில் ஊருக்கு ஓடிப்போய் எஃகில் புதுத் தண்டு கடைந்து எடுத்துவந்தார். டிசம்பர் 17 அன்று பறந்தார்கள்.

◆ நியூசிலாந்தின் பர்ட் மன்ரோ 1920-ஆம் ஆண்டு 'இந்தியன் ஸ்கவுட்' மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, வாழ்நாள் முழுவதும் அதையே பிரித்துப் பூட்டினார். பிஸ்டன்களைத் தாமே வார்த்தார். பழைய டிராக்டர் அச்சிலிருந்து கனெக்டிங் ராடுகளைச் செதுக்கினார். சிலிண்டருக்கு வார்ப்பிரும்பு எரிவாயுக் குழாய். பெரும்பகுதி கை அரத்தால் ஆன வேலை. வெடித்துச் சிதறிய பாகங்களை ஓர் அலமாரியில் அடுக்கி, வேகக் கடவுளுக்குப் படையல் என்று எழுதி வைத்திருந்தார். 1967-இல், 68-ஆவது வயதில், அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில் 1000 சி.சி.க்கு உட்பட்ட பிரிவில் மணிக்கு 183.586 மைல் என்று சாதனை பதிவானது. கணக்கில் பிழை இருப்பதை அவர் மகன் கவனித்துச் சொல்ல, அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் 2014-இல் அதை 184.087 என்று திருத்தியது. மன்ரோ இறந்து அப்போது 36 ஆண்டுகள் ஆகியிருந்தன.